லைனிங்குக்குள் இருந்தது

பெல்ட் நின்றுவிட்டது.

விமான நிலையத்தில் பணியாளர்கள் நுழையும் வழி. எக்ஸ்ரே எந்திரத்திலிருந்து என் டிராலி வெளியே வந்துவிட்டது. பின்னாலேயே வரவேண்டிய தோள்பை வரவில்லை. மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருந்த காவலர் பெல்ட்டைப் பின்னுக்கு ஓட்டினார். முன்னுக்கு ஓட்டினார். மறுபடி பின்னுக்கு.

காலை பத்தரை இருக்கும். என் வேலையின் முதல் நாள். அன்று நான் விமானம் ஓட்டப்போவதில்லை. இரண்டு விமானிகளுக்கும் பின்னால் இருக்கிற மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பது மட்டும்தான் வேலை. ஆனாலும் முழுச் சீருடை. தோளில் இரண்டிரண்டு கோடுகள். புதுச் சட்டையின் காலர் விறைப்பாகக் கழுத்தை உரசிக்கொண்டிருந்தது.

"ஸ்பூனா இருக்கும்மா," என்றார் பக்கத்தில் நின்ற கேப்டன். "என் பொண்ணும் இப்படித்தான் மாட்டிப்பா."

அம்மா கட்டிக் கொடுத்த டப்பாவில் ஸ்பூன் இருந்தது வாஸ்தவம்தான். நான் சிரித்தேன். மானிட்டர்காரர் சிரிக்கவில்லை. கையைத் தூக்கி இன்னொருவரைக் கூப்பிட்டார். அவர் வந்து குனிந்து பார்த்துவிட்டு மானிட்டரில் ஓர் இடத்தில் விரலை வைத்தார். இருவரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள்.

"இந்த பேக் யாருது?"

"என்னுது."

"நீங்க மட்டும்தான் பேக் பண்ணீங்களா?"

"ஆமா."

"உள்ள ரவுண்ட் இருக்கு மேடம்."

எனக்குப் புரியவில்லை. வட்டமாக என்ன இருக்கிறது என்று யோசித்தேன். டப்பா வட்டம்தான். ஒரு பெண் அதிகாரி என் முழங்கையைத் தொட்டு, "துப்பாக்கித் தோட்டாம்மா," என்றார் மெதுவாக. "கொஞ்சம் தள்ளி வாங்க."

பட்டியல்

நான் விமானி ஆன கதையை இந்தப் பக்கங்களில் படித்துவருகிறவர்களுக்கு என் வீடு தெரியும். இன்றுதான் இந்தப் பக்கத்தைத் திறந்தவர்களுக்காக ஒன்றிரண்டு வரி. நான் ஷமீமா. பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் பையும் பெட்டியும் விற்கிற காதர் மொய்தீனின் ஒரே மகள். அப்பாவை அத்தா என்றுதான் கூப்பிடுவேன். பயிற்சி முடித்து, தேர்வெல்லாம் தேறி, ஒரு விமான நிறுவனத்தில் துணை விமானியாக அப்போதுதான் சேர்ந்திருந்தேன்.

சேர்ந்தவுடன் நிறுவனத்திலிருந்து ஒரு பட்டியல் வந்தது. நானே வாங்கிக்கொள்ள வேண்டிய பொருட்கள். கறுப்பு டிராலி, இந்த அளவுக்குள். கறுப்புத் தோள்பை. ஹெட்செட். டார்ச். ஒளிரும் பட்டை போட்ட மேல்கோட்டு. குளிர்கண்ணாடி. கறுப்புத் தோல் ஷூ. உரிமம் வைக்கும் உறை.

கேட்க எளிதாக இருக்கிறது. ஒவ்வொன்றிலும் ஒரு கண்ணி இருந்தது.

குளிர்கண்ணாடிக்கு முகப்பேர் போனேன். கடைக்காரர் ஒன்றை எடுத்து, "இது போலரைஸ்டு மேடம், கண்ணு கூசவே கூசாது," என்றார். அதுதான் வேண்டாம் என்றேன். அதைப் போட்டுக்கொண்டு பார்த்தால் விமானத்தின் முன்னால் இருக்கிற கருவித் திரைகள் சில கோணத்தில் கறுத்துப்போகும். மட்டமான கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் போகிற முதல் ஆளைப் பார்ப்பதுபோல அவர் என்னைப் பார்த்தார்.

ஷூ வாங்க அம்பத்தூர். சில ஷூக்களின் அடியில் தகடு வைத்திருப்பார்கள். தினமும் மெட்டல் டிடெக்டரில் கத்தும், ஒவ்வொரு நாளும் கழற்ற வேண்டும் என்று சீனியர் ஒருத்தி எச்சரித்திருந்தாள். அத்தா கடையிலிருந்து ஒரு காந்த பட்டனைப் பிய்த்து எடுத்துக்கொண்டு போனேன். ஒவ்வொரு ஷூவின் அடியிலும் அதை வைத்துப் பார்த்தேன். ஒட்டாத ஜோடி ஏழாவதுதான் கிடைத்தது.

ஹெட்செட் வந்த அன்று அம்மா சமையலறையில் மிக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தார். நான் அதை மாட்டிக்கொண்டு போய் நின்றேன். சத்தமே இல்லை. அம்மாவின் வாய் மட்டும் அசைந்தது. கழற்றி அம்மாவின் காதில் வைத்தேன். அரை நிமிடம் அப்படியே நின்றுவிட்டு, "இத ஊட்டுல வெச்சிட்டுப் போயேன்," என்றார்.

செக்யூரிட்டியில் எதற்கும் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று ஷூவுக்கே காந்தம் வைத்துப் பார்த்தவள் நான். அதனால்தான் இவ்வளவையும் எழுதுகிறேன்.

ரோட்டில் ஓடிய பெட்டிகள்

டிராலி விஷயத்தில் எனக்கு வாயே இல்லை. பை வியாபாரியின் மகள் வெளிக்கடையில் பெட்டி வாங்குவதா?

அத்தா பட்டியலை வாங்கிக் கண்ணாடி போட்டுப் படித்தார். டேப்பை எடுத்து, கடையில் தொங்கிய கறுப்புப் பெட்டிகளையெல்லாம் அளந்தார். அளவுக்குள் அடங்கியவை ஐந்து. ஐந்திலும் செங்கல் போட்டு மூடினார். பிறகு ஒவ்வொன்றாக டிரங்க் ரோட்டில் இழுத்துக்கொண்டு பேருந்து நிலையம் வரைக்கும் போய்த் திரும்பி வந்தார்.

வெயில் மண்டையைப் பிளந்தது. எதிர்க்கடைக்காரர், "இன்னா பாய், ஊரு காலி பண்றியா?" என்று கேட்டார். அத்தா மூன்றாவது பெட்டியை இழுத்துக்கொண்டு போனார்.

நான்கு சக்கரப் பெட்டிகள் இரண்டும் முதல் நடையிலேயே தோற்றன. ஒன்றில் சக்கரம் கோணிக்கொண்டது. இன்னொன்று சரிவில் அத்தாவை விட்டுவிட்டுத் தானாக ஓடி ஒரு ஷேர் ஆட்டோவில் முட்டியது. இரண்டு சக்கரப் பெட்டிகளில் ஒன்று கைப்பிடி ஆடியது, ஒன்று சத்தம் போட்டது. கடைசியாக நின்ற ஒன்றைத் தட்டிக்கொடுத்து, "இது உன்னோட ரிட்டயர் ஆவும்," என்றார்.

நல்ல பெட்டிதான். இன்றும் அதைத்தான் இழுக்கிறேன்.

தோள்பைதான் மிச்சம். அதையும் அத்தா எடுத்து வைத்திருந்தார். அந்த நேரத்தில்தான் தணிகாசலம் மாமா கடைக்கு வந்தார்.

மோகன் அண்ணனின் பை

தணிகாசலம் மாமாவும் கன்னியம்மா அத்தையும் பூந்தமல்லியில் எங்களுக்குப் பக்கத்து வீடு. எனக்குப் பன்னிரண்டு வயது வரைக்கும். மாமாவுக்கு ஆவடித் தொழிற்சாலையில் வேலை. பிறகு திருமுல்லைவாயிலில் சொந்தமாக ஒரு வீடு கட்டிக்கொண்டு போனார்கள். அவர்கள் மகன் மோகன் அண்ணன் என்னைவிட ஐந்து வயது பெரியவர். ராணுவத்தில் சேர்ந்தார். மலைப்பாதையில் அவர்கள் போன வண்டி உருண்டு நான்கு பேர் இறந்தார்கள். அதில் ஒருவர் அவர்.

அவருடைய உடல் திருமுல்லைவாயிலுக்கு வந்த நாளில் நான் வடக்கே பயிற்சியில் இருந்தேன். வர முடியவில்லை. அத்தாவும் அம்மாவும் போனார்கள். ராணுவக்காரர்கள் வந்து வானத்தைப் பார்த்துச் சுட்டு மரியாதை செய்தார்கள் என்று அம்மா போனில் சொன்னார்.

மாமா கையில் ஒரு கறுப்புப் பை இருந்தது. கெட்டி கேன்வாஸ். நிறைய அறைகள். டிராலியின் கைப்பிடியில் சொருகிக்கொள்ள முதுகில் ஒரு பட்டை.

"மோகனு வாங்குனது பாப்பா. லீவு முடிஞ்சி போறப்போ ஒரே வாட்டிதான் தூக்கினு போனான். அவன் சாமானோட திரும்ப வந்துச்சி. ஊட்டுல சும்மா கீது. நீ பிளேன்ல எடுத்துனு போ."

"அத்தைக்குத் தெரியுமா மாமா?"

"அவ தங்கச்சி ஊட்டுக்கு வேப்பம்பட்டு போய்க்கிறா. வந்தா சொல்லிக்கிறேன். சந்தோஷந்தான் படுவா."

வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? வாங்கிக்கொண்டேன். அத்தா தான் எடுத்து வைத்திருந்த பையை ஆணியில் திரும்ப மாட்டினார்.

அன்று மாலையே மோகன் அண்ணனின் பையைப் பிரித்துப் போட்டு அத்தா சோதனை போட்டார். ஸிப்களில் மெழுகு தேய்த்தார். உள்ளறை ஒன்றின் அடியில் லைனிங் விரல் நுழையும் அளவுக்குக் கிழிந்திருந்தது. "பேனா கீனா வுழுந்து உள்ள போயிடும்," என்று ஊசியை எடுத்தார். அத்தா நாலு தையலுக்கு ஒரு முடிச்சு போடுவார். எங்கேயாவது அறுந்தாலும் நாலுக்கு மேல் பிரியாது. என் பள்ளிக்கூடப் பைகளெல்லாம் அந்த முடிச்சுகளோடுதான் பத்து வருடம் போய்வந்தன.

தைத்து முடித்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்து, பையை என்னிடம் நீட்டினார்.

அந்தப் பைதான் இப்போது விமான நிலையத்தில் ஒரு சின்ன அறையின் மேஜைமேல் கிடந்தது.

"யார் தைச்சது?"

பையிலிருந்த எல்லாவற்றையும் வெளியே எடுத்து வரிசையாக வைத்திருந்தார்கள். ஹெட்செட், டார்ச், உரிமம், டப்பா, ஸ்பூன். காலிப் பையை மறுபடி எந்திரத்தில் விட்டுப் பார்த்தார்கள். அது இன்னும் உள்ளேதான் இருந்தது.

பெண் அதிகாரி லைனிங்கின் மேல் விரல்களால் அழுத்திக்கொண்டே போனார். அடி அட்டைக்குப் பக்கத்தில், ஒரு மூலையில், விரல் நின்றது. பிளேடு கேட்டார்.

முதல் முடிச்சை அறுத்ததும் நாலு தையல் பிரிந்தது. அதோடு நின்றது. இரண்டாவது முடிச்சை அறுத்தார். மறுபடி நாலு. என் காதுக்குள் ஒரு இரைச்சல் தொடங்கியது. அறையில் இருந்தவர்கள் பேசுவது தெரிந்தது. என்ன பேசுகிறார்கள் என்று தெரியவில்லை. ஹெட்செட்டைப் போட்டுக்கொண்டு சமையலறையில் நின்றதுபோல இருந்தது.

பித்தளை நிறத்தில், சுண்டுவிரல் நீளத்தில் ஒன்று மேஜையில் உருண்டது.

"புதுத் தையல்," என்றார் அவர், பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தவரிடம். "உள்ள வெச்சுத் தைச்சிருக்காங்க." பிறகு என்னிடம், "இது யார் தைச்சது?"

அந்தக் கேள்விக்கு முன்னால் என் அடையாள அட்டையை வாங்கி என் பெயரை இரண்டு முறை படித்திருந்தார்கள். அப்பா பெயர் கேட்டார்கள். சொன்னேன். ஊர் கேட்டார்கள். சொன்னேன். யாரும் மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை பேசவில்லை. எழுதுகிறவரின் பேனா மட்டும் என் அப்பா பெயருக்கு அடியில் ஒரு கோடு இழுத்ததைப் பார்த்தேன். ஏன் இழுத்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எல்லாருடைய அப்பா பெயருக்கு அடியிலும் அவர் கோடு இழுப்பவராக இருக்கலாம்.

தோட்டாவை வைத்துத் தைத்தவர் காதர் மொய்தீன். இந்த ஒரு வரி அந்தத் தாளில் ஏறினால் அதன் பிறகு யார் கொடுத்த பை, எதற்குத் தைத்தது என்றெல்லாம் யார் படிக்கப்போகிறார்கள் என்று தோன்றியது. ஒரு நொடிதான் இருக்கும்.

"தெரியாது," என்றேன்.

"உங்க பேக்ல தையல் போட்டது யாருன்னு உங்களுக்கே தெரியாதா?"

"தெரியாது மேடம். இது எங்க குடும்பத்துக்குத் தெரிஞ்சவர் குடுத்த பை."

தணிகாசலம் மாமாவின் பெயரையும் போன் நம்பரையும் சொன்னேன். மகனைப் பறிகொடுத்த மனுஷனை முன்னால் தள்ளிவிட்டு என் அப்பாவைப் பின்னால் மறைக்கிறேன் என்பது எனக்கு அப்போதே தெரியும்.

கேப்டன் வாசலில் வந்து நின்றார். "நான் போகணும்மா. ஃப்ளைட்டுக்கு நேரமாச்சு," என்றார். என் முகத்தைப் பார்க்காமல் மேஜையில் கிடந்ததைப் பார்த்துவிட்டுப் போனார். சற்று நேரத்தில் நிறுவனத்திலிருந்து ஒருவர் வந்து என் அடையாள அட்டையைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். அதைக் கழுத்தில் மாட்டி இரண்டு மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை.

காலுக்கடியில்

பிற்பகலில் என்னை விமான நிலையக் காவல் நிலையத்துக்கு அழைத்துப்போனார்கள். ஆய்வாளர் வயதானவர், நிதானமானவர். தோட்டாவை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது சுட்டது," என்றார். "வெறும் கூடு. நுனி பாருங்க, பூ மாதிரி விரிஞ்சிருக்கு. ஆளைச் சுடுற குண்டு இதுல இருந்ததே இல்ல. சத்தத்துக்குச் சுடுறது. ஆனா இது எப்படி உங்க பைக்குள்ள?"

எனக்கு அழக்கூட வரவில்லை.

அத்தாவும் தணிகாசலம் மாமாவும் கன்னியம்மா அத்தையும் ஒரே ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். மாமா உள்ளே வரும்போதே கும்பிட்டுக்கொண்டு வந்தார். "பை நான் குடுத்தது சார். பாப்பாவுக்கு ஒண்ணும் தெரியாது சார். உள்ள இது இருந்ததே எனுக்குத் தெரியாது சார்."

"உங்க பையன் வெச்சிருந்ததா?"

"அவன் அப்புடிப்பட்ட ஆள் இல்ல சார்."

கன்னியம்மா அத்தை மேஜையில் இருந்த உறையைப் பார்த்துக்கொண்டே முன்னால் வந்தார். கையை நீட்டினார். காவலர் ஒருவர் தடுத்தார். அத்தை கையை மடக்கிக்கொண்டு ஆய்வாளரைப் பார்த்தார்.

"அது என் புள்ளைக்கு சுட்டது சார்."

யாருக்கும் புரியவில்லை. மாமாவுக்குமே புரியவில்லை.

அத்தை நின்றபடியே சொன்னார். சுடுகாட்டில் ராணுவக்காரர்கள் வரிசையாக நின்று மேலே பார்த்துச் சுட்டிருக்கிறார்கள். காலிக் கூடுகள் சேற்றில் விழுந்திருக்கின்றன. சுட்டு முடித்ததும் ஒரு சிப்பாய் குனிந்து எல்லாவற்றையும் பொறுக்கியிருக்கிறான்.

"ஒண்ணு எங்காலாண்ட வந்து வுழுந்துச்சி. நான் அதும்மேல கால வெச்சிகினேன். அந்தப் பையன் என்னியச் சுத்திச் சுத்தித் தேடுனான். நான் கால எடுக்கவே இல்ல. அவன் போனப்புறம் எடுத்து முந்தானியில முடிஞ்சிகினேன். ஊட்டுக்கு வந்து மோகனு பையில வெச்சேன். அப்பப்போ எடுத்துப் பாப்பேன். ஒரு நாளு காணோம். எங்கியோ தொலைச்சிட்டேன்னு நெனச்சிகினேன். இவரான்ட கூடச் சொல்லல."

மாமா சுவரில் சாய்ந்துவிட்டார். இத்தனை நாளாக ஒரே வீட்டில் இருந்தும் அவர் இதை அறிந்திருக்கவில்லை. "இன்னாடி கன்னிமா," என்றார்.

கிழிந்த லைனிங் வழியாக அது உள்ளே நழுவியிருக்கிறது. அது தெரியாமல் அத்தா கிழிசலைத் தைத்திருக்கிறார். எனக்கு எல்லாம் ஒரே வீச்சில் விளங்கியது. ஆய்வாளருக்கும் விளங்கியிருக்க வேண்டும். முகம் தளர்ந்தது. நாற்காலி எடுத்துப் போடச் சொன்னார். பிறகு முன்னால் இருந்த தாளைப் பார்த்து, மிச்சமிருந்த ஒரே ஒரு விஷயத்தைக் கேட்டார்.

"அப்போ இதத் தைச்சது யாரு?"

"நாந்தான் சார்," என்றார் அத்தா. கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. "என் தையல்தான் அது. கடையிலயே ஒக்காந்து தைச்சேன். இவ பக்கத்துலதான் இருந்தா."

ஆய்வாளர் தாளிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார்.

"உங்க பொண்ணு யாருன்னு தெரியாதுன்னு சொல்லியிருக்காங்களே?"

அத்தா என் பக்கம் திரும்பினார். காலையிலிருந்து எத்தனையோ கண்கள் என்னைப் பார்த்திருந்தன. எதற்கும் நான் தலை குனியவில்லை. அவர் பார்த்தபோது குனிந்துவிட்டேன்.

போர்டில் இருக்கும் பெயர்

மறுபடியும் ஆரம்பத்திலிருந்து கேட்டார்கள். அத்தாவைத் தனியாக இரண்டு மணி நேரம் கேட்டார்கள். என் பொய்தான் காரணம். சாயங்காலம் எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். மோகன் அண்ணன் இருந்த படைப்பிரிவுக்கு எழுதி, அவர்கள் உறுதி செய்த பிறகு, வழக்கில்லாமல் விஷயம் முடிந்தது. அதற்குச் சில வாரங்கள் ஆயின.

அந்தக் கூடு மட்டும் அத்தைக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. அது படைக்குச் சொந்தமான பொருளாம். மாமா இரண்டு மனு போட்டிருக்கிறார். நான் பார்க்கப் போனபோது அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் பொழப்புக்கே ஒல வெச்சிட்டேனே பாப்பா," என்றார். நான்தான் மன்னிப்புக் கேட்கப் போயிருந்தேன், மாமாவை மாட்டிவிட்டதற்காக. அதைக் கேட்கவே அவர் விடவில்லை.

விமான நிறுவனம் என்னை நிறுத்திவைத்திருந்தது. நடந்ததை எழுத்தில் விளக்கமாகக் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். விமான நிலையத்தில் சொன்ன பொய்யும் அவர்கள் காதுக்குப் போயிருந்தது. கூடப் பயிற்சி எடுத்த தோழி போனில் வழி சொன்னாள். "'பதற்றத்தில் நினைவு வரவில்லை'ன்னு ஒரு வரி போட்டுடு. யாரும் தோண்ட மாட்டாங்க."

நல்ல வழியாகத்தான் தெரிந்தது. பாதி எழுதியும்விட்டேன்.

வீட்டில் அத்தா எப்போதும்போலப் பேசினார். சாப்பிட்டியா, மழை வருமா, கரண்டு போச்சா. அதற்கு மேல் இல்லை. ஒரு வாரம் பொறுத்தேன். பிறகு மத்தியானம் கூட்டமில்லாத நேரம் பார்த்துக் கடைக்குப் போனேன். ஒரு பள்ளிக்கூடப் பையின் ஸிப்புக்கு ரன்னர் மாற்றிக்கொண்டிருந்தார்.

"அத்தா, என் மேல கோவமா?"

"உள்ள கைய வுட்டுப் பாக்காம தைச்சது என் தப்பு," என்றார், ஸிப்பைப் பார்த்தபடியே. "முப்பது வருஷமா பை விக்கிறவன் பண்ற வேலையா அது? அதுக்கு அவங்க என்னிய நிக்க வெச்சிக் கேட்டாங்க. கேக்கட்டும். சரிதான்."

ரன்னர் ஏறவில்லை. எடுத்து வைத்துவிட்டார்.

"ஆனா என் தையலப் பாத்து யாருன்னு தெரியாதுன்னியாமே ஷமீ."

காவல் நிலையத்தில் அவ்வளவு நேரம் வராத அழுகை அப்போது வந்தது.

"உங்க பேர எழுதிடுவாங்கன்னு பயந்துட்டேன் அத்தா."

"எழுதட்டுமே. என் பேருக்கு இன்னா? வெளிய போர்டுலயே போட்டுக்கீது. இத்தினி வருஷமா ரோட்டுல போறவன் வர்றவன் எல்லாம் படிச்சினுதான் போறான்."

நான் வீட்டுக்கு வந்து பாதி எழுதிய விளக்கத்தைக் கிழித்துப் போட்டேன். புதிதாக எழுதினேன். ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். எழுதி முடித்து, மறுநாள் கடைக்கு எடுத்துப்போய் அவருக்குத் தமிழில் சொன்னேன். அந்தத் தையல் என் தந்தையுடையது. பார்த்தவுடனே எனக்குத் தெரிந்தது. தெரியாது என்று நான் சொன்னது பொய். பயத்தில் சொன்னேன்.

அத்தா கேட்டுக்கொண்டிருந்தார்.

"இதக் குடுத்தா வேல போயிடுமா?"

"போனாலும் போகும்."

"மோகனு அம்மாவப் பத்தி எழுதிக்கிறியா?"

"எழுதியிருக்கேன்."

"அது பாவம், திருடிச்சின்னு ஆயிடாதே?"

"ஆகாத மாதிரிதான் எழுதியிருக்கேன்."

"சரி, குட்த்துடு," என்றார்.

விசாரணை அறையில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்தவர் என் தாளைத் தட்டி, "இந்தக் கடைசி பாராவை நீங்கள் எழுதாமலே விட்டிருக்கலாமே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். விட்டிருக்கலாம் என்றேன். வெளியே உட்காரச் சொன்னார்கள். வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

எச்சரிக்கைக் கடிதம் ஒன்று என் கோப்பில் ஏறியது. இன்னும் அங்கேதான் இருக்கிறது. பதினைந்து நாள் கழித்து, வேலைக்கு வரப் புதிய தேதி வந்தது.

தேதி வந்த அன்று கடைக்குப் போய், "அத்தா, தோள்பை வேணும்," என்றேன்.

"நீயே பாத்து எடு," என்றார்.

மேல் வரிசையிலிருந்து ஒரு கறுப்புப் பையை எடுத்து மேஜையில் வைத்தேன். அத்தா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு எல்லா ஸிப்பையும் திறந்தார். ஒவ்வோர் அறைக்குள்ளும் கையை விட்டார். லைனிங்கை வெளியே இழுத்துப் பிசைந்தார். அடி அட்டையைக் கழற்றி அதற்குப் பின்னால் தடவினார். பட்டைகளை மடித்து விரலிடுக்கில் உருட்டிப் பார்த்தார். தலைகீழாகக் கவிழ்த்து உதறினார். பிறகு முதல் அறையிலிருந்து மறுபடியும் ஆரம்பித்தார்.

பள்ளிப் பை வாங்க வந்த ஒரு அம்மா கால் மணி நேரம் நின்று பார்த்துவிட்டு, "அப்புறமா வர்றேன் பாய்," என்று போய்விட்டார். அத்தாவுக்கு அது காதில் விழவில்லை.

கடைசி ஸிப்பை மூடிவிட்டுப் பையை என் பக்கம் தள்ளினார்.

"ம். எடுத்துனு போ."